படையலில் வைத்த சட்டை

பகாவ்,
தீபாவளி கழிந்து இரண்டாம் ஞாயிறு.

அன்பு மகன் சுகுமாறனுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இருக்கிறோம், சுகமாக இருக்கிறோம் என்று எழுத மனம் வரவில்லை. அந்தத் தீவில் உனக்கு ஒரு குறையும் வராமல் முனியாண்டி பார்த்துக்கொள்ளட்டும். இங்கே மழை விடவில்லை, எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி நம் தோட்டத்து லயத்து முனையில் புதைந்து கிடக்கிறது. அம்பாங்கானிலிருந்து உன் அக்கா லோகேஸ்வரி தீபாவளிக்கு வந்தாள். நீதான் வரவில்லை. படகை விட்டு வரமுடியாது என்றாய். தியோமானுக்குப் போய்த் தீவுக்காரனாகவே ஆகிவிட்டாய்.

அதை விடு, நடந்ததைக் கேள். உன் அண்ணன் வசந்தன் கப்பலிலிருந்து காணாமல் போன நாள் முதல் அவனுக்குப் படையல் வைக்க நான் சம்மதித்ததில்லை. உடலைப் பார்க்காமல் என் பிள்ளையைச் செத்தவன் என்று சொல்லமாட்டேன், இன்றைக்கும் சொல்லமாட்டேன். தீபாவளிக்கு முதல் நாள் உன் தாத்தாவுக்குப் படைத்துவிட்டு, அவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்தி வெளியே நின்றோம். திறந்து பார்த்தால் தாத்தாவின் வேட்டிக்குப் பக்கத்தில் நீலக் கட்டம் போட்ட சட்டை. அம்மா எனக்குத் தெரியாமல் வசந்தனுக்கென்று வைத்திருக்கிறாள். சண்டை போடத்தான் அதைக் கையில் எடுத்தேன். காலரில் கறுப்பு நூல், உன்னுடையது என்று நான் போட்ட அடையாளம். நீ தீவுக்குப் போகுமுன் நான் தைத்துக் கொடுத்து, நீ வேண்டாமென்று விட்டுப்போன சட்டை. இருவருக்கும் ஒரே துணியில் எடுத்தது, பெட்டியில் மாறிவிட்டது. செத்தவர்களுக்கு நடுவே உன்னை வைத்துவிட்டாள்.

“பெரியவன் சட்டைன்னுதாங்க நெனச்சேன்” என்று சொல்லிச் சொல்லி அழுகிறாள், சோறு இறங்கவில்லை. அந்த வாரமே நீ போனில் குரல் அனுப்புகிறாய், தை பிறந்ததும் பெரிய கப்பலில் வேலை, “ஒரு தடவதான்ப்பா, ஒலகத்தப் பாத்துட்டு வந்து ஒங்க கூடவே இருந்துர்றேன்லா” என்று. உன் அண்ணனும் இதையேதான் சொன்னான். “திட்டி எழுதாதீங்கப்பா, அவன் நேரா கப்பலுக்கே போயிருவான்லா” என்கிறாள் லோகேஸ்வரி. திட்டாமல் எழுத எனக்குத் தெரியாது. கப்பலுக்கு நான் சம்மதம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். மீறித்தான் போவாய் என்றால், முதலில் இங்கே வந்து உன் அம்மா கையால் ஒரு வாய் சாப்பிட்டு, அவள் கண்ணெதிரே நடமாடிவிட்டுப் போ.

தனியாகக் கடலில் இறங்காதே. நீண்ட ஆயுளோடு இரு. போனில் பேசிச் சமாளித்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதே. வசந்தனும்தான் தினமும் தன்னோடு பேசுகிறான் என்கிறாள் உன் அம்மா.

இப்படிக்கு,
உன் அப்பா
சன்னாசி