ஒரு மாதம் இருந்து பார்த்து வாங்கலாம்

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா நலமாக இருக்கிறேன், முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் எழுத உட்கார்ந்தேன். போனில் சொன்னால் ஆகாதா என்பாய். போனில் எனக்கு வாய் வராது, உனக்கே தெரியும்.

வீட்டு விஷயம்தான். எட்டு மாதமாக வருகிறவர்கள் எல்லாம் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். தெருமுனையில் எழும்பிய அடுக்குமாடியில் ஏசி இலவசம், சமையலறை அலமாரி இலவசம் என்று ஆள் உயரப் பலகை வைத்திருக்கிறார்கள். நம் புரோக்கர், "நாமளும் ஏதாவது சேத்துக் குடுத்தாத்தாம்மா நகரும், வெறும் வீட்டை யாரு வாங்குவா" என்று பிடித்துக்கொண்டார். பிரிட்ஜைத் தருகிறேன் என்றேன், இன்வெர்ட்டரைத் தருகிறேன் என்றேன், பத்திரச் செலவில் பாதி என்றேன், யாரும் அசையவில்லை. கடைசியில், ஒரு மாதம் வாடகையில்லாமல் இருந்து பார்த்து, பிடித்தால் வாங்கலாம் என்று அவரே ஒரு சலுகையைக் கண்டுபிடித்து விளம்பரமும் கொடுத்துவிட்டார். "சட்டையே போட்டுப் பாத்துத்தான் வாங்குறோம், வீட்டுக்கு என்னவாம்" என்றார். நானும் இரண்டு தெரு தள்ளி இந்த மாடி அறைக்கு வந்தேன். மருந்துக்கடைக்காரர் ஒருவர் மனைவியோடும் பத்து மாதக் குழந்தையோடும் அங்கே குடி வந்தார்.

பன்னிரண்டாம் நாள் அந்தப் பெண் என்னைத் தேடி வந்தாள். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க, அந்த வீட்டுல முன்னாடி யாராவது..." என்று இழுத்தாள். தினமும் சாயங்காலம் நாலு மணிக்குப் பின்கதவு இரண்டு தரம் ஆடுகிறதாம், வெளியே யாரோ மிதியடியில் காலைத் தேய்க்கிறார்களாம். பயத்தில் அவள் தாழ்ப்பாளைத் தொட்டதே இல்லையாம். குழந்தை மட்டும் அந்தப் பக்கம் திரும்பிச் சிரிக்கிறதாம். காற்றாக இருக்கும் என்றேன். அவள் வீட்டுக்காரரோ இதைச் சொல்லியே விலையைக் குறைக்கக் கேட்டாராம். "அந்தாளுக்குப் பேய் ஒரு சாக்கு, மசிஞ்சிராதீங்கம்மா" என்று புரோக்கர் குதித்தார்.

மறுநாள் நாலு மணிக்கு நானே போய் அடுக்களையில் உட்கார்ந்தேன். திடீரென்று அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள், குழந்தை கதவைப் பார்த்துச் சிரித்தது. எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை குட்டி. இரண்டு வருஷம் அங்கே தனியாக இருந்தேனே, ஒரு நாளாவது எனக்குக் கேட்டிருக்கக் கூடாதா.

உன் அப்பா லேத் பட்டறையிலிருந்து நாலு மணிக்கு வருவார், எண்ணெய்க் காலோடு முன்கூடத்தை மிதிக்க மாட்டார், பின்வாசல்தான். பட்டறையிலிருந்து வரும் வழியில் விழுந்து இறந்துவிட்டார் என்றுதானே உன்னிடம் சொன்னேன். அது பொய். அன்று காலையில் ஒன்றுமில்லாத விஷயத்துக்குச் சண்டை. சாயங்காலம் அவர் கதவை இரண்டு தரம் ஆட்டியது எனக்கு நன்றாகக் கேட்டது. சுற்றிக்கொண்டு முன்வாசலில் வரட்டுமே என்று புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் இருந்துவிட்டேன். பக்கச் சந்துச் சுவரோரம் அவர் கிடந்ததை கேஸ் சிலிண்டர் போட வந்தவர்தான் முதலில் பார்த்தார். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான், எத்தனையோ படித்தேன், எழுந்து போய் ஒரு தாழ்ப்பாளை நீக்கத் தெரியவில்லை.

அந்தப் பெண்ணிடம், "உங்க வீட்டுக்காரர் கேக்குற மாதிரியே குறைச்சுக்கறேன், நாலு மணிக்குப் பின்கதவை மட்டும் தெறந்து வைம்மா" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், "சரிக்கா" என்றாள். திறந்து வைத்து ஒரு வாரம் ஆகிறது, சத்தம் இல்லையாம். "அதான் நின்னுபோச்சே, இன்னும் எதுக்கும்மா விட்டுக் குடுக்குறீங்க, நல்ல ஆளும்மா நீங்க" என்று புரோக்கர் தலையில் அடித்துக்கொள்கிறார். நான் சொன்னது சொன்னதுதான்.

ஆனால் வீட்டில் உனக்கும் பாதி இருக்கிறது, உன் பங்கைக் குறைத்து விற்க எனக்கு உரிமை இல்லை. குறைத்த விலைக்கான ஒப்புதல் தாளை இதோடு வைத்திருக்கிறேன், மாதம் முடியப் பத்து நாள் இருக்கிறது. வேளாவேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். நீங்கள் இருவரும் குறையில்லாமல் நெடுநாள் வாழ வேண்டும். இதைப் படித்து என்மேல் கோபம் வந்தால் கையெழுத்தைத் தள்ளிப்போடு, பேசுவதை மட்டும் தள்ளிப்போடாதே. திட்டுவதற்காவது கூப்பிடு.

உன்
அம்மா