ஒன்றரை மீட்டர் வாக்குறுதி

ஏப்ரல் 4, வியாழன்

காலை 5.40. மொத்தம் 23 இடம். எண்ணூர் முகத்துவாரத்தை வடகரையிலிருந்து தென்கரை வரை அளந்தாச்சு. கடல் இறங்கி, தண்ணி முழுசா வத்தியிருந்த நேரம். அதிகபட்சம் இடுப்பளவு. நடுவில் முழங்கால். ஆறு கடலில் சேருகிற இடத்தில் முழங்கால் தண்ணி.

படகு தேசிங்கு மாமாவுடையது. அக்கா வீட்டுக்காரர். போன மாசம் இதே மணல் திட்டில்தான் படகு தட்டி நின்னு, அலை பக்கவாட்டில் அடிச்சுக் கவிழ்ந்தது. வலது தோள் இன்னும் சரியாகல. தலை வாரிவிட அக்கா வேணும். ஆனாலும் தினம் போறார். கடலிலிருந்து திரும்பும்போது தண்ணி வத்தியிருந்தால், ஏறுகிற வரைக்கும் வெளியே காத்துக் கிடக்கணும். ஐஸ் கரையும், மீன் கண் வெளுக்கும். பொறுமை இல்லாதவன் உள்ளே விடுவான். கவிழுவான்.

"எவ்வளவு தண்ணி இருந்தா போதும் மாமா?"

கழியை மண்ணில் ஊன்றினார். விரலால் ஓர் இடம் காட்டினார். "இத்தினி இருந்தா போதும் மச்சான். எந்நேரமும் வந்துகினு போய்கினு இருக்கலாம்."

டேப் வெச்சேன். அடியிலிருந்து ஒன்றரை மீட்டர். என் கழுத்து.

7 மணி ஷிப்ட். ஈர பேன்ட்டோடவே போனேன். நோட்டுப் புத்தகமும் ஈரம்.

சாயங்காலம்: ஊர் மனு. எங்க ஊர் வழக்கம், தேர்தல் வந்தால் எல்லா வேட்பாளருக்கும் ஒரே தாள். அம்மன் கோயில் முன்னால் நின்னு அதை மைக்கில் வாய்விட்டுப் படிக்கணும். படிச்சாத்தான் ஆரத்தி. அன்னைக்கு ஒரு படகும் கடலுக்குப் போகாது. படிச்சதை வேட்பாளரும் மாத்தக் கூடாது, ஊரும் மாத்தாது. இந்தத் தடவை எழுதுற வேலை என் தலையில். ஊர்த் தலைவர் கன்னியப்பன் அண்ணன் சொன்னது: "டிப்ளமா, நீ எழுது. சும்மா ஐயா சாமின்னு அழுதுகினு இருக்கக் கூடாது. படிக்கிறவனுக்கு ஒதறல் எடுக்கணும்."

எழுதினேன்: 'முகத்துவாரத்தைச் சராசரி கடல் மட்டத்திலிருந்து ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குத் தூர்வாரி, ஆண்டு முழுவதும் அந்த ஆழத்தைப் பராமரிக்க வேண்டும்.'

கெத்தான வரி. மூணு கட்சி ஆபீசுக்கும் நகல் கொடுத்தாச்சு.

ஏப்ரல் 6, சனி

வெயில் கொளுத்துது. கரண்ட் ரெண்டு தடவை போச்சு. அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி நிழல் எங்க தெருவில் விழுது, ஃபேன் ஓடல. மொட்டை மாடியில் காயப்போட்ட சட்டையில் சாம்பல். திரும்பத் துவைக்கணும்.

மூணு தேர்தல் அறிக்கையையும் போனில் இறக்கிப் படிச்சேன். முழுசா. இந்தத் தொகுதியில் வேற எவனும் படிச்சிருக்க மாட்டான், வேட்பாளர் உட்பட. கட்சி பேர் எழுதி இந்த நோட்டை அசிங்கம் பண்ணப் போறதில்லை. க1, க2, க3.

துறைமுக விரிவாக்கம். க1: நாட்டின் பெருமை, செய்தே தீருவோம். க2: மக்கள் கருத்தைக் கேட்டபின் முடிவு. க3: எதிர்க்கிறோம். அதே க3, பத்துப் பக்கம் தள்ளி: ஏற்றுமதியை இரட்டிப்பாக்குவோம். எது வழியா ஏத்துவான், மாட்டு வண்டியிலா.

வேலை. க1: கோடிக்கணக்கில். க2: வீட்டுக்கு ஒருவருக்கு. க3: அனைவருக்கும். நான் மின் நிலையத்தில் அஞ்சு வருஷமா காண்ட்ராக்ட். அந்தச் சொல் மூணு அறிக்கையிலும் தேடினேன். க2-வில் ஒரே ஒரு இடம். 'நலன் காக்கப்படும்.' அவ்வளவுதான்.

மீனவர். க1: ஆழ்கடல் கப்பல். க2: தனி அமைச்சர். க3: தனி வங்கி. கரைக்குத் திரும்பி வர வழி? ஒருத்தனும் இல்லை.

எல்லாம் செய்யப்படும், ஆராயப்படும், உறுதி செய்யப்படும். யார் செய்வான், எந்த மாசத்துக்குள், எவ்வளவு? இப்படி ஒரு ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தால் எங்க சூப்பர்வைசர் மூஞ்சியிலேயே வீசுவார். நாட்டை ஆளப் போறவனுக்கு மட்டும் கேள்வி கிடையாது.

மாமா எட்டிப் பார்த்தார். "எவன் நல்லா எழுதிகிறான்?"

"படம் நல்லா இருக்கிறது க3."

"ராயபுரம் ஹார்பர்ல படம் புடிச்சிருப்பான். வெளிச்சம் நல்லா வரும் அங்க."

ஏப்ரல் 7, ஞாயிறு

ஒரு படகும் போகல. க1 வேட்பாளர் பத்து மணின்னார், வந்தது 12.20. க2 மூணு மணிக்கு. க3 இன்னும் தேதி கொடுக்கல.

ரெண்டு பேரும் படிச்சாங்க. என் வரி, மைக்கில், கோயில் முன்னால். துண்டறிக்கையிலும் அதையே அச்சடிச்சுக் கொண்டு வந்திருந்தாங்க, ஒரு எழுத்து மாறாமல். மேலே இருக்கிற தலைவர் முகம் மட்டும் வேற. க2 வேட்பாளர் படிச்சு முடிச்சதும் பக்கத்து ஆள்கிட்ட, "இங்க ஆறு எந்தப் பக்கம்?" மைக் ஆஃப் பண்ணல. ஊரே கேட்டது. ஆரத்தி எடுத்தாங்க.

எனக்குப் பெருமையா இருந்தது. அதை இங்கே எழுதித்தான் ஆகணும்.

சாயங்காலம் அக்கா துண்டறிக்கையை விரிச்சு அதன் மேல் பூண்டு உரிச்சுகிட்டு இருந்தாங்க.

"அது இன்னாடா சராசரி கடல் மட்டம்? அது எங்க கீது?"

"ஏறின தண்ணிக்கும் வத்தின தண்ணிக்கும் நடுவுல ஒரு கணக்குக்கா."

"அப்போ மாமா உனக்குக் காட்னது நடு தண்ணியா?"

நோட்டை எடுத்து வியாழக்கிழமைப் பக்கத்தைப் புரட்டினேன். 

மாமா காட்டினது வத்தின தண்ணி. முழுசா வத்தினது. நடு மட்டத்துக்கும் அதுக்கும் இங்கே அரை மீட்டர் போல வித்தியாசம். நடு மட்டத்திலிருந்து ஒன்றரை தோண்டினால், வத்தும்போது ஒரு மீட்டர்தான் நிக்கும். அலை இறங்குகிற நேரத்தில் அதுவும் இல்லை. படகு தட்டும். அவன் மிஷின் கொண்டு வந்து தோண்டி, அளந்து காட்டி, 'கேட்டதைச் செய்தோம்'னு கல்வெட்டு வெச்சுட்டுப் போவான். ஒரு பொய்யும் இருக்காது அதில். மாமா அதே இடத்தில் கவிழுவார்.

என் வேலையே இது. தொட்டியில் தண்ணி எவ்வளவுன்னு காட்டுற மீட்டருக்குப் பூஜ்யம் வைக்கிறது. எங்கேயிருந்து அளக்குறோம்னு தெரியாம அளக்காதேன்னு கூட வேலை செய்றவங்களைத் திட்டுறவன் நான். 'சராசரி கடல் மட்டத்திலிருந்து'. யாரும் கேக்கல அதை. மாமா சொல்லல. கெத்துக்காக நானே சேர்த்தது.

செருப்பால அடிக்கணும். என்னை.

ஏப்ரல் 8, திங்கள்

தயிர் சாதம். ஊறுகாய் மறந்துட்டேன். சாப்பாட்டு நேரத்தில் மூணு கட்சி ஆளுக்கும் போன். சொன்னது ஒண்ணே ஒண்ணு: 'சராசரி மட்டம்'னு இருக்கிறதை 'தண்ணி வத்தின மட்டம்'னு மாத்துங்க. இல்லைன்னா ஒன்றரையை ரெண்டாக்குங்க. ரெண்டும் ஒண்ணுதான்.

க1 ஆள்: "நோட்டீஸ் அடிச்சாச்சு தலைவா. ஜெயிச்சு வந்துட்டுப் பேசிக்கலாம்."

க2 ஆள்: "அவங்க மாத்தினா நாங்களும் மாத்துறோம். நாங்க மட்டும் மாத்தினா பின்வாங்கிட்டான்னு மேடையில கிழிப்பான்."

க3 ஆள் என் வயசு. பி.இ. இவனுக்காவது புரியும்னு பத்து நிமிஷம் பேசினேன். தண்ணி ஏறுறது, வத்துறது, கழி, படகு, எல்லாம். நடுவில் ஒரு தடவை கூடக் குறுக்கிடல. கடைசியில், "புரியுது ப்ரோ. ஆழம் பத்தல. நான் பாத்துக்குறேன்."

அப்பாடா.

ஏப்ரல் 9, செவ்வாய்

அப்பாடா இல்லை.

காலையில் விம்கோ நகர் சிக்னலில் க3 பிரச்சார வேன். பக்கவாட்டு பேனர்: 'அவர்கள் ஒன்றரை. நாங்கள் மூன்று மீட்டர்.' மதியம் க1 வாட்ஸ்அப்பில் வந்துட்டான்: நாலு. சாயங்காலம் எங்க தெருவிலேயே க2 ஆட்டோ: "ஐந்து மீட்டர் ஆழத்துக்குத் தூர்வாருவோம் என்று உறுதியளித்து உங்கள் பொன்னான வாக்குகளை..."

ஏலம். மீன் ஏலத்தில் மீனாவது இருக்கும்.

நேத்து வரைக்கும் மூணு பேர் கையிலும் ஒரே கொள்கை, என்னுடையது, தப்பானது. இன்னைக்குக் கொள்கை வேறுபாடு வந்தாச்சு. ஆளுக்கு ஒரு மீட்டர்.

க3 ஆளுக்கு போன் போட்டுக் கத்தினேன். "முகத்துவாரத்துக்கு உள்ள, ஆத்துக்கு அடியில எண்ணெய்க் குழாய் குறுக்கே போகுது. அஞ்சு மீட்டர் தோண்டினா குழாய்ல போய் நிக்கும்."

"அஞ்சு சொன்னது அவங்க ப்ரோ. நாங்க மூணுதான்."

"மூணு தோண்டினாலே கரை சரியும். கரையில வீடு இருக்கு."

"ப்ரோ, அது ஜெயிச்சாத்தானே."

ஆபீஸ் பாத்ரூமில் நின்னு பேசினேன். வெளியே வந்தால் ரெண்டு பேர் பார்த்தாங்க. பார்க்கட்டும்.

டீக்கடையில் ஒரே கொண்டாட்டம். "அஞ்சு மீட்டர் மாமு. கப்பலே வரும் உள்ள." "வந்தா உன் வூட்டாண்ட நிறுத்திக்கோ." சிரிப்பு. அவங்க சந்தோஷமா இருக்கிறதுதான் வயித்தெரிச்சல்.

ஏப்ரல் 10, புதன்

வேலையில் மனசு இல்லை. ஒரு மீட்டரை மூணு தடவை சரி பார்த்தேன், சரியாத்தான் இருந்தது.

ஆறு மணிக்கு ஊர்க்கூட்டம். நான் கேட்டு வெச்சது. மைக்கில் சொன்னேன்: அந்த வரி தப்பு. தப்பு என்னுது. ஏன் தப்பு, ஏன் ரெண்டு மீட்டர் போதும்னும் சொன்னேன், முடிஞ்ச வரை நம்ம பாஷையில்.

முதலில் எழுந்தது எல்லப்பன் அண்ணன்.  எங்க தெருதான், வலை பழுது பார்க்கிறவர், க2 கிளைச் செயலாளர்.

"அவன் அஞ்சு குடுக்குறேன்றான். நீ ரெண்டு போதும்ன்ற. எவன்கிட்ட வாங்கினே டிப்ளமா?"

சிரிப்பு. பின்னால் இருந்து ஒரு விசில்.

"அஞ்சு தோண்ட மாட்டான் அண்ணே. அதான் தைரியமா அஞ்சுன்றான். ரெண்டுன்னா தோண்ட முடியும், தோண்டலன்னா நீங்க கேப்பீங்க. அதான் எவனும் ரெண்டு சொல்ல மாட்டேன்றான்."

"சரி, அன்னிக்கி நீ எழுதுனது தப்பு. இன்னிக்கி நீ சொல்றது மட்டும் எப்டி ரைட்டு?"

நியாயமான கேள்வி.  "படிச்சிருந்தா தெரியும்"னு ஏதோ உளறினேன். கூட்டத்தில் பாதிப் பேர் முகம் சுருங்கினது. மைக்கை வெச்சுட்டு இறங்கிட்டேன். இதுவும் தப்பு. ஒரே வாரத்தில் ரெண்டு.

மாமா எழுந்தார். கூட்டத்தில் பேசுகிற ஆளே இல்லை. மைக் எடுக்கல. "அஞ்சு மீட்டர்ல முழுகி சாவறதா, ஒரு மீட்டர்ல கவுந்து சாவறதான்னு பேசிகினு கீறீங்க. நான் படகு வுடணும்பா." உட்கார்ந்துட்டார்.



கன்னியப்பன் அண்ணன் மைக்கை எடுத்தார்.  "படிச்சத மாத்துற பழக்கம் நம்ம ஊர்ல இல்ல. நாம மாத்தினா, நாலு அஞ்சுன்னு மாத்துனவனை எப்டி கேக்குறது? ஆனா பழக்கத்துக்கோசரம் ஒருத்தன் கவுந்துடக் கூடாது. சனிக்கிழமைக்குள்ள மூணு பேரையும் கூப்புடு. புது வரியைப் படிக்கட்டும். ஆனா ஒண்ணு, எல்லப்பன் ஒத்துக்கணும். அவன் ஒத்துக்காம அந்தத் தாள் மைக்காண்ட போவாது."

எல்லப்பன் அண்ணன் என்னைப் பார்க்கல. வேட்டியை உதறிகிட்டு எழுந்து போனார்.

வீட்டில் அக்கா சோறு போட்டாங்க. நெத்திலிக் குழம்பு. மாமா இடது கையில் ஸ்பூன் பிடிச்சுச் சாப்பிட்டார், பாதி தட்டுக்கு வெளியே. பார்க்காத மாதிரி சாப்பிட்டேன்.

செய்ய வேண்டியது:

1. நாளைக்கு லீவு. காரணம் கேட்டால் சொந்த வேலை.

2. காலையில் முதல் வேலை எல்லப்பன் அண்ணன் வீடு. 'படிச்சிருந்தா தெரியும்'னு சொன்னதுக்கு மன்னிப்பு. அளவு பத்திப் பேச்சு அதுக்கு அப்புறம்தான்.

3. தண்ணி வத்துற நேரத்துக்கு அவரைப் படகில் ஏத்திக்கிட்டுப் போய்த் திரும்ப அளக்கணும். டேப்பை அவர் பிடிக்கட்டும். எழுதுறதும் அவர். நான் வாயை மூடிக்கணும்.

4. குழாய் போற இடத்தைக் காட்டணும். கரையில் எச்சரிக்கைப் பலகை இருக்கு, அவரே படிக்கட்டும்.

5. புது வரி அவர் வாயில் எப்படி வருதோ அப்படியே. ஒரு வார்த்தை கூடச் சேர்க்கக் கூடாது.

6. மூணு கட்சி ஆபீசுக்கும் நேரில், ரெண்டு பேரும் சேர்ந்து. போன் வேண்டாம். 'புரியுது ப்ரோ'ன்னு சொன்னால் எழுந்திருக்காதே. புரிஞ்சதைத் திருப்பிச் சொல்லச் சொல்.

7. என் ஓட்டு: புதுத் தாளைக் கையில் வாங்கிட்டு, படிக்கிறதுக்கு முன்னாடி, ஆத்தைப் போய்ப் பார்க்கலாமான்னு எவன் கேக்குறானோ அவனுக்கு.