ரேடியேட்டரில் போட்ட மஞ்சள்

இன்று காலை மகளுக்குச் சளி என்று என் மனைவி வெந்நீரில் மஞ்சள்தூளைப் போட்டு ஆவி பிடிக்க வைத்தாள். அந்த வாசனை வந்ததும் நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். "சளி அவளுக்கா, உங்களுக்கா?" என்று சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன். மஞ்சள் வாசனைக்குப் பயப்படும் ஆண்பிள்ளை இந்த ஓசூரில் நான் ஒருவன்தான். ஏன் என்று உனக்கு மட்டுமே தெரியும்.

அப்போது நான் ஓட்டிய வேன் காண்ட்ராக்டருடையது. எனக்குச் சம்பளம் மட்டும்தான். சூளகிரிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கம்பெனிக்குப் பெண்களை ஏற்றி வருவேன். என்ஜினின் மேல்மூடியான ஹெட் வளைந்துபோனபோது மெக்கானிக் நீதான் கழற்றி, மட்டம் பிடித்து, தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் இடையில் புது கேஸ்கட் வைத்து மாட்டிக் கொடுத்தாய். "பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பாக்க வேணாம் குரு," என்றாய்.

மறுநாளே, என்ஜினைக் குளிர்விக்கும் ரேடியேட்டரில் சொட்டுச் சொட்டாக ஒழுக்கு. உன்னிடம் வந்தால் ஒரு நாள் வண்டி நிற்கும், காண்ட்ராக்டர் கத்துவார். கொஞ்சம் மஞ்சள்தூள் போட்டால் ஒழுக்கு அடைத்துக்கொள்ளும் என்பது டிரைவர்கள் கைவைத்தியம். ஒரு ஸ்பூன் போதும் என்பார்கள். எனக்கு எதிலும் தாராள மனசு. இரண்டு பாக்கெட்டைக் கொட்டினேன்.

எட்டாம் நாள் சூளகிரி ஏற்றத்தில் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. வெள்ளைப் புகை கக்கி வண்டி நின்றது.

கட்டி இழுத்துக்கொண்டு உன் ஷெட்டுக்கு வந்தபோது உன் முதலாளி அங்கேயே நின்றார். நீ ஆயில் அளக்கும் கம்பியை உருவினாய். ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தது.

"கேஸ்கட்ட ஒழுங்கா உக்கார வெச்சிருந்தா ஏன்யா தண்ணி ஆயில்ல கலக்குது? இது உன் வேலையால வந்ததுன்னா, மூட்டையக் கட்டிக்க," என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போனார்.

நீ ஹெட்டைக் கழற்றி, அதன்மேல் இரும்பு ஸ்கேலை வைத்துக் குனிந்து பார்த்தாய். ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது.

"மறுபடி வளைஞ்சிருக்கு. சூடு ஏறாம ஹெட்டு வளையாது. சூடு எங்கிருந்து வந்துச்சு?"

என்ஜினைத்தான் கேட்டாய், எனக்கு வியர்த்தது. பெல்ட்டை அழுத்திப் பார்த்தாய். தண்ணீர் பம்பைச் சுற்றிப் பார்த்தாய். சூடானால் தண்ணீருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட்டைக் கொதிக்கிற நீரில் போட்டாய். அது ஒழுங்காகத் திறந்தது. ஒவ்வொன்றாக விடுதலை செய்துகொண்டே வந்தாய். கடைசியில் மிச்சம் இருந்தது ரேடியேட்டரும் நானும்தான். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். பெல்ட்டைப் பற்றி ஏதோ யோசனை சொன்னேன்.

ரேடியேட்டரை இறக்கி, ஓஸ் பைப்பை வைத்துத் தண்ணீர் விட்டாய். உள்ளே அடைத்துக் கிடந்த சேறு மஞ்சளாக வந்தது. விரலில் தேய்த்து மோந்து பார்த்தாய்.

"எவ்ளோ போட்ட?"

"ரெண்டு பாக்கெட்."

"உப்பு, புளி? சாம்பாருக்கு அதுதான் பாக்கி."

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

"காண்ட்ராக்டருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா நாளைக்கே வேற டிரைவர் வந்துருவான்ப்பா. ரெண்டு புள்ளைங்க வெச்சிருக்கேன்."

நீ தண்ணீர் தெளிவாக வரும்வரை விட்டுக்கொண்டிருந்தாய். முதலாளி கை துடைத்துக்கொண்டு வந்தார்.

"என்னய்யா?"

"ரேடியேட்டர் பழைய அடைப்பு சார். நான்தான் பாக்காம விட்டுட்டேன்."

மூன்றடி தள்ளித்தான் நின்றேன். என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் ஸ்பேனர் புடிச்சு எங்கயும் பொழச்சுக்குவேன். ஸ்டீயரிங்க விட்டா உனக்கு வேற என்ன தெரியும்?" என்றாய், பையைக் கட்டும்போது. உண்மைதான், வேறெதுவும் தெரியாது.

எல்லை தாண்டி, அத்திப்பள்ளிப் பக்கம் ஒரு லாரி ஷெட்டில் சேர்ந்தாய். நாலாம் மாதம், லாரிக்கு அடியில் நீ படுத்திருந்தபோது ஜாக்கி சறுக்கியது.

காரியத்தன்று உன் மனைவி என்னிடம் வந்தாள். "அண்ணா, இங்க நல்லாத்தானே இருந்தாரு? எதுக்கு அந்த வேலைய விட்டாரு? நான் கேட்டா சிரிப்பாரு. உங்ககிட்டயாவது சொன்னாரா?"

"தெரியலம்மா," என்றேன். இலை போட்டார்கள். உட்கார்ந்து சாப்பிட்டேன்.

இப்போதும் அதே வேலைதான். உன் வீட்டுத் தெரு வழியாகப் போனால் கம்பெனி பக்கம். நான் சுற்றிக்கொண்டு போகிறேன். "ஏண்ணா இப்படிச் சுத்துறீங்க?" என்று வண்டியில் பெண்கள் கேட்கிறார்கள். அந்தப் பக்கம் ரோடு சரியில்லை என்கிறேன். அங்கே புது ரோடு போட்டு ஒரு வருஷமாகிறது.