உறையைப் பிரிக்கும் முன் இதைப் படி

அன்புள்ள வீட்டு அதிகாரிக்கு,

உன் லிஃப்ட் மெக்கானிக் எழுதுவது. நான் நலம். நீயும், உள்ளே இருந்து உதைக்கிற ஆளும் நலமா? போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். மூன்று நாளாகப் போன் செய்தேன். மூன்று நாளும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். சொல்ல வந்ததை மட்டும் சொல்லவில்லை. அதனால் லீவில் ஊருக்கு வரும் வெல்டர் மொட்டையிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஒட்டிய உறை ஒன்றும் இருக்கும். இதைப் படித்து முடிக்கும் வரை அதைப் பிரிக்காதே.

வேலை ஜரூராக நடக்கிறது. பன்னிரண்டாவது மாடிக் கதவு மட்டும் மூடவே மாட்டேன் என்று இரண்டு நாள் அடம்பிடித்தது. உன் ஞாபகம் வந்தது. கோபித்துக்கொள்ளாதே, கோபத்துக்கு வேறு விஷயம் இருக்கிறது.

போன வாரம் எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய்! உனக்கு நெகட்டிவ் ரத்தம், இருபத்தெட்டாவது வாரத்தில் ஊசி போட வேண்டும் என்று நர்ஸம்மா சொன்னாராம். எங்கள் வீட்டுக்காரரும் நெகட்டிவ்தான் என்று நீ மிடுக்காகச் சொன்னாயாம். அப்படியானால் அவருடைய ரிப்போர்ட்டைக் காட்டு, ஊசி தேவைப்படாது என்றாராம். அந்த ரிப்போர்ட்தான் உறையில் இருக்கிறது.

உன் தையல் கடையில் நாம் கல்யாணம் பற்றி முதலில் பேசிய நாள் நினைவிருக்கிறதா? துணி வெட்டிக்கொண்டே உன் சித்தி கதையைச் சொன்னாய். அவரும் நெகட்டிவ், சித்தப்பா பாசிட்டிவ். முதல் பிள்ளை நன்றாகப் பிறந்தது. அடுத்த இரண்டும் பிறந்த உடனே மஞ்சள் காமாலையில் போய்விட்டன. அதனால் கட்டினால் நெகட்டிவ்காரனைத்தான் கட்டுவேன் என்றாய். என் வாய் என்னைக் கேட்காமலேயே, நானும் நெகட்டிவ்தான் என்று சொல்லிவிட்டது. எந்தத் துணியையும் இரண்டு தடவை அளந்து வெட்டுகிறவள், என்னை மட்டும் ஒரு தடவைகூட அளந்து பார்க்கவில்லை.

அது பச்சைப் பொய். நான் பாசிட்டிவ்.

போன வாரம் நீ ரிப்போர்ட் கேட்டதும் மொட்டை என்னைக் காப்பாற்றப் பார்த்தான். அவன் நிஜமாகவே நெகட்டிவ். என் பெயரில் டெஸ்டுக்குத் தானே ரத்தம் கொடுத்துவிடுவதாகச் சொன்னான். நானும் வெட்கமில்லாமல் தலையாட்டினேன். லேபில் அவன் என் பெயரைச் சொல்லிக் கையை நீட்டி உட்கார்ந்தான். எதற்கு டெஸ்ட் என்று லேப் அம்மா கேட்டார். மனைவிக்கு ஊசி வேண்டாமே என்றுதான் என நான் முந்திக்கொண்டு பதில் சொன்னேன். "புருஷன் இவரு, உங்களுக்கு ஏன்யா இப்படி வேர்க்குது?" என்றார்.

பிறகு அவரே விளக்கினார். குழந்தை பாசிட்டிவாக இருந்து அதன் ரத்தம் தாயின் ரத்தத்தில் கலந்தால், தாயின் உடம்பு அதை எதிரியாக நினைத்து ஆயுதம் செய்து வைத்துக்கொள்ளுமாம். முதல் குழந்தை பெரும்பாலும் தப்பிவிடும்; அடுத்த குழந்தையைத்தான் அது தாக்கும். ஊசி போட்டால் அந்த ஆயுதமே உருவாகாது. உன் சித்திக்கு அந்த ஊசி கிடைக்கவில்லை. உனக்குக் கிடைப்பதை நான் தடுக்கப் பார்த்திருக்கிறேன். மொட்டையை எழுப்பிவிட்டு நான் உட்கார்ந்தேன்.

பயப்படாதே. அந்த லேப் அம்மாவும் நெகட்டிவ்தானாம். ஊசி போட்டுக்கொண்டு இரண்டு பிள்ளைகள் பெற்றார். இரண்டும் அவரைப் பாடாய்ப் படுத்துகின்றனவாம். நம் குழந்தை பிறந்ததும் ரத்தம் பார்ப்பார்கள். பாசிட்டிவ் என்றால் மூன்று நாளுக்குள் இன்னொரு ஊசி. அதையும் விட்டுவிடாதே.

அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் என்னைக் கட்டியிருப்பாயா என்று கேட்க ஆசை. கேட்கவும் பயம். அதனால் இப்போது கேட்கவில்லை. நீ திட்டு, பேசாமல் இரு, உன் அம்மா வீட்டுக்குப் போ. எதுவானாலும் ஊசி போட்ட பிறகு செய். போட்டதும், போட்டாச்சு என்று ஒரு வார்த்தை மட்டும் சொல். வேறு எதுவும் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
உன் கணவன்
(நீ இன்னும் அப்படித்தான் சொல்கிறாய் என்றால்)