வெள்ளை ஒட்டிய புத்தகம்

கட்டுமாவடி
28 ஜூன், ஞாயிறு

என் அன்பிற்குரிய பிளெஸ்ஸி அப்பாவுக்கு,

மாதாவின் கருணையால் நானும் பிளெஸ்ஸியும் நலமாக இருக்கிறோம். மஸ்கட்டில் வெயில் நெருப்பாகக் கொட்டுகிறது என்று செய்தியில் பார்த்தேன். மோர் குடியுங்கள், டீயைக் குறையுங்கள். நூறு தடவை சொல்லியாயிற்று, நூற்றியோராவது தடவையும் கேட்கப் போவதில்லை. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்பீர்கள். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் "சரி சரி, சாப்பிட்டியா" என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரல் வரும். இந்தச் செய்திக்கு எனக்குக் கட்டைவிரல் போதாது. மூக்கன் அண்ணன் மகன் அஜித் வியாழக்கிழமை விமானம் ஏறுகிறான். அவனிடம் நெத்திலிக் கருவாடும், இந்தக் கடிதமும், செய்தித்தாளில் சுற்றிய இன்னொரு பொருளும் கொடுத்தனுப்புகிறேன். அந்தப் பொட்டலத்தைக் கடிதம் படித்து முடித்த பிறகு பிரியுங்கள்.

செய்தி இதுதான். நம் நூலகத்தை மூடவில்லை. மூடப் போவதும் இல்லை. ஜெயித்துவிட்டோம்!

ஏப்ரலில் ஆய்வுக்கு வந்த அதிகாரியம்மா சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு நாளைக்கு ஒன்பது புத்தகம்தான் வெளியே போகிறது, ஜூன் முடிவதற்குள் அது நாற்பது ஆகாவிட்டால் அலமாரியோடு ஏற்றிக்கொண்டு போய் வேறு நூலகத்தோடு சேர்த்துவிடுவோம் என்றார். அன்றைக்கு உங்களிடம் போனில் அழுதேன். "மூடுனா மூடட்டும் மேரி, வேலைய விட்டுட்டு ரெண்டு பேரும் இங்கிட்டு வந்துருங்க, விசாவ நான் பாத்துக்கிறேன்" என்றீர்கள். மூடினால் வருகிறேன் என்று நானும் வாக்குக் கொடுத்தேன். அதைக் கேட்டதும் உங்கள் குரல் எப்படி மாறியது என்று எனக்குத் தெரியும். நான் அதை மறக்கவில்லை.

ஆனால் பதினாறு வருஷம் கூட்டிப் பெருக்கிய இடத்தைச் சும்மா விட்டுக்கொடுக்க மனம் வருமா? ஊரில் யார் யாருக்கு எந்தப் புத்தகம் என்று வயது வாரியாகப் பரிந்துரைத்தால் கூட்டம் வரும் என்று நினைத்தேன். பட்டணத்து நூலகங்களில் அப்படிச் செய்வதைப் போனில் பார்த்திருந்தேன். நானும் பிளெஸ்ஸியும் ஞாயிறு முழுக்க உட்கார்ந்து புத்தக முதுகில் வண்ணத்தாள் ஒட்டினோம். பத்து வயதுக்குள் பச்சை, பதினெட்டுக்குள் மஞ்சள், அறுபதுக்குள் நீலம், அறுபதுக்கு மேல் வெள்ளை. வருகிறவர் உறுப்பினர் அட்டையில் வயதைப் பார்ப்பேன், அந்த நிறத்தில் ஒன்றை எடுத்து நீட்டுவேன். பெரிய கெட்டிக்காரி என்று எனக்கு நினைப்பு.

முதலில் மாட்டியது மீன் விற்கும் சின்னப்பிள்ளை அக்கா. அறிவொளி இயக்கக் காலத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டவள், பேருந்தில் கடைப் பலகைகளை எல்லாம் வாய்விட்டுப் படித்துக்கொண்டு போகிறவள். அட்டையில் வயது அறுபத்து மூன்று. வெள்ளைத்தாள் ஒட்டிய இரண்டு புத்தகங்களைக் கொடுத்தேன். ஒன்று மூட்டுவலி வைத்தியம், இன்னொன்று நல்ல மரணத்துக்கு மனதைத் தயார் செய்வது பற்றியது. மறுநாள் காலையில் மீன் கூடையை வாசலில் இறக்கிவிட்டு உள்ளே வந்து இரண்டையும் மேசையில் போட்டாள்.

"ஏத்தா, ஒனக்கு என்னயப் பாத்தா பாடையில ஏறப் போறவ மாதிரியா இருக்கு? அவரு போயி இருவது வருசம் நான் வெள்ளைச் சீல கட்டுனேனா? புத்தகத்துக்குக் கட்டி விட்டுருக்க!" என்று ஒரு பிடி பிடித்தாள். தாலியறுத்தவளிடம் வெள்ளையை ஒட்டி நீட்டியிருக்கிறேன், எனக்குப் புத்தி எங்கே போயிற்று பாருங்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் உங்களுக்கு என்னதான் வேண்டும் அக்கா என்றேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "கொலை, திருட்டு இந்த மாதிரி ஒண்ணும் இல்லையா?" என்றாள்.

அன்றைக்கு முழுக்க எனக்குச் சிரிப்பு. சிரித்து முடித்ததும் யோசனை வந்தது. நம் ஊரில் பாதிப் பேர் ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தவர்கள். முகத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாகப் போட்ட வயதுதான் எல்லார் அட்டையிலும். மூக்கன் அண்ணனுக்கு ஐம்பதுகூட இருக்காது, உப்புக்காற்றில் காய்ந்த முகத்தைப் பார்த்து எவனோ அறுபத்திரண்டு என்று போட்டுவிட்டான். அந்த வயதை நம்பி நான் புத்தகம் கொடுத்தால் விளங்குமா? தேங்காய் எண்ணெயைத் தடவித் தடவி அத்தனை தாளையும் சுரண்டி எடுத்தோம். பிளெஸ்ஸி என்னைத் திட்டிக்கொண்டே சுரண்டினாள், அப்படியே உங்கள் வாய். அதற்குப் பிறகு யார் வந்தாலும் அட்டையைப் பார்ப்பதில்லை. இப்போது எதைத் தெரிந்துகொள்ள ஆசை என்று மட்டும் கேட்டேன்.

அப்புறம் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சின்னப்பிள்ளை அக்காவுக்கு ஜமீன் மாளிகையில் கொலை நடக்கிற துப்பறியும் கதை ஒன்றைக் கொடுத்தேன். மீன்பிடித் தடைக்காலம், வரத்துக் குறைவு, ஏலக்கூடத்தில் பெண்கள் சும்மாதான் உட்கார்ந்திருந்தார்கள். தினம் ஓர் அத்தியாயமாக அவர்களுக்கு உரக்கப் படித்தாள். கடைசி அத்தியாயம் வந்ததும் புத்தகத்தை மூடி மடியில் செருகிக்கொண்டு, "மிச்சத்த லைப்ரரியில வாங்கிப் படிங்கடி" என்று எழுந்துவிட்டாள். ஒரே வாரத்தில் பதினான்கு பேர் புதிதாக உறுப்பினர் ஆனார்கள். படிக்கத் தெரியாதவர்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கையோடு இழுத்து வந்தார்கள். வந்த பிள்ளைகள் தங்களுக்கு ஒன்று எடுக்காமல் போவார்களா?

ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகுக்குப் போகிற மூக்கன் அண்ணன் தடைக்காலத்தில் வேலையின்றி இருந்தார். சிறுவர் அலமாரியில் இருந்த, பெரிய எழுத்துக் கடல் உயிர்ப் புத்தகத்தைத் துண்டுக்குள் மறைத்துக் கொண்டு போனார். நான்காம் நாள் மறைக்காமல் கொண்டு வந்தார். "லைப்ரரியம்மா, இதுல திருக்கை வாலைத் தப்பாப் போட்டுருக்கான், எழுதுனவன் கடலுக்கே போயிருக்க மாட்டான்" என்று சண்டை. சண்டை போடவே அடுத்த புத்தகம் எடுத்தார். ஆறாம் வகுப்புப் பிரகதாம்பாள், சின்னப்பிள்ளை அக்கா வீசிய அதே மூட்டுவலிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினாள். அவள் அம்மா நாள் முழுக்க இறால் உரிக்கப் போகிறவள், முட்டியை மடக்க முடியவில்லையாம். பிள்ளை அதைப் படித்து அம்மாவுக்கு ஒத்தடம் கொடுக்கிறாள். அதைக் கேட்டு எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

போன வியாழக்கிழமை அதிகாரியம்மா வந்தார். பதிவேட்டைப் புரட்டப் புரட்ட அவர் முகம் இறுகியது. ஒரு நாளைக்கு நாற்பத்திரண்டு என்று கணக்கு நிற்கிறதே, பாராட்டுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் விரலை வைத்துக் காட்டினார். அறுபத்து மூன்று வயதுப் பெண்ணுக்குக் கொலைக் கதை. அறுபத்திரண்டு வயது ஆணுக்குச் சிறுவர் படப் புத்தகம். பதினோரு வயதுப் பிள்ளைக்கு மூட்டுவலி. "வயசுக்கும் புத்தகத்துக்கும் சம்பந்தமே இல்லையே, நீங்களா ஒக்காந்து எழுதி நிரப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டார். பொய்க் கணக்கு எழுதினேன் என்றாகிவிட்டால் நூலகமும் போகும், என் பெயரும் போகும்.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல் அந்த நேரம் பார்த்துச் சின்னப்பிள்ளை அக்கா கூடையோடு வந்து நின்றாள். அதிகாரியம்மா அவளை அழைத்து, அந்தப் புத்தகத்தில் என்ன கதை, சொல்லுங்கள் என்றார். கேட்க வேண்டுமா! கூடையை இறக்கிவிட்டு நின்றபடியே ஆரம்பித்தாள். ஜமீன்தார் விழுந்து கிடந்த இடம், சமையல்காரன் முழித்த முழி, உடைந்த கண்ணாடி, ஒன்றைக்கூட விடவில்லை. நடுநடுவே, இந்த இடத்தில் நான் வக்கீலைச் சந்தேகப்பட்டேன் என்று சொந்தச் சரக்கு வேறு. அதிகாரியம்மா பேனாவை மூடி வைத்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். கடைசியில், சரி, கொன்னது யார் என்றார். அக்கா கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "அதச் சொல்ல மாட்டேன். அங்கிட்டுத்தான் அலமாரில இருக்கு, எடுத்துப் படிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டாள்.

அதிகாரியம்மா சிரித்த சிரிப்பில் பிள்ளைகள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். பதிவேட்டில் "நூலகம் தொடரலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். புது அலமாரி ஒன்றுக்கும் எழுதுகிறேன் என்றார். போகும்போது அந்தக் கொலைக் கதையைத் தன் பெயரில் எடுத்துக்கொண்டும் போனார். வயது எழுதுகிற கட்டத்தை நான் காலியாகவே விட்டேன்.

ஊரே கொண்டாடியது. மூக்கன் அண்ணன் லட்டு வாங்கி வந்தார். எனக்கு வாயில் லட்டு இருந்தது, உங்கள் நினைவும் கூடவே இருந்தது. நான் ஜெயித்தால் நாங்கள் மஸ்கட்டுக்கு வர மாட்டோம், அங்கே உங்கள் வீடு காலியாகவே கிடக்கும் என்று தெரிந்தேதான் ஜெயித்தேன். அதற்காக நான் வருத்தப்படவில்லை என்று சொன்னால் பொய். செய்தது தப்பு என்று சொன்னால் அது அதைவிடப் பெரிய பொய்.

இப்போது பொட்டலத்தைப் பிரியுங்கள். படகு டீசல் எஞ்சின் பழுது பார்ப்பது பற்றிய புத்தகம், என் அட்டையில் எடுத்தது. கஜா புயலில் உங்கள் பட்டறை போன பிறகு நம் கரையில் எஞ்சின் தெரிந்த ஆள் இல்லை. இந்தப் புத்தகத்தைப் பதினோரு பேர் எடுத்தார்கள். நாற்பத்தோராம் பக்கத்தில் கிரீஸ் கைரேகையைப் பாருங்கள், பென்சிலில் கோடு வேறு போட்டிருக்கிறார்கள். நான் நன்றாகத் திட்டினேன். அந்த இடம் மட்டும் ஒருவருக்கும் புரியவில்லையாம். "ஜஸ்டின் இருந்தா ஒரு நிமிசத்துல சொல்லிருவாப்ல" என்று ஒவ்வொருவரும் உங்கள் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார்கள்.

"படிக்கிற வயசெல்லாம் போயிருச்சு" என்று நீங்கள் எப்போதும் சொல்வீர்கள். நான் வயது பார்த்துப் புத்தகம் கொடுப்பதை நிறுத்திவிட்டேன், மேலே எழுதியிருக்கிறேன்.

கடைசித் தாளில் திருப்பித் தர வேண்டிய தேதி ஜூலை பன்னிரண்டு என்று முத்திரை குத்தியிருக்கிறேன். அன்றைக்கு வர முடியாது என்று எனக்கும் தெரியும். நானே புதுப்பித்துக்கொண்டே இருக்கிறேன், கிறிஸ்துமஸ் வரைக்கும்கூட. ஆனால் தபாலில் அனுப்பினாலோ அஜித் கையில் கொடுத்துவிட்டாலோ நான் வாங்க மாட்டேன். நீங்களே கொண்டுவந்து என் மேசையில் வைக்க வேண்டும்.

மாதா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள் கையால் அந்தப் புத்தகத்தை வாங்கக் காத்திருக்கும்,
சந்தனமேரி