நிரம்பக்கூடாத வில்லை

நெடுங்கேணி
ஆனி, 2001

அன்புள்ள மகன் கிருபனுக்கு,

கண்ணகி அம்மாளின் காவலில் நானும் அப்பாவும் சுகம், சுகம் என்றால் கிபிர் விமானம் வந்து குண்டு போட்டுப் போன பிறகும் இரண்டு பேருக்கும் கை கால் பழைய எண்ணிக்கையிலேயே இருக்கிறது. கொசோவோவில் நீயும் பிரெஞ்சுப் படையின் சாப்பாட்டைத் தாங்கிக்கொண்டு சுகமாய் இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் வைகாசியில்தான் கைக்கு வந்தது. சண்டையில் எரிந்த யுத்தத் தாங்கிகள் குவித்த இடத்தில் காவல் என்றும், அங்கே கதிர்வீச்சு இருக்கலாம் என்று சட்டையில் ஒரு வில்லை குத்தியிருக்கிறார்கள் என்றும், உடம்பில் எவ்வளவு பட்டது என்பதை அது பிடித்து வைக்கும், சாதாரண சனத்துக்கு வருடத்துக்கு ஒன்று என்றால் உங்களுக்கு இருபது வரை விடுவார்கள், தாண்டினால் வேலையை நிற்பாட்டி லீவில் வீட்டுக்கு அனுப்புவார்கள் என்றும் எழுதியிருந்தாய். எனக்குப் பொறாமையாக இருந்தது மகன். ஒரு ஆள் வருடத்துக்கு எவ்வளவு ஷெல் பொறுக்கலாம் என்று இங்கே ஒருவரும் அளவு வைக்கவில்லை, வைத்திருந்தால் நெடுங்கேணி முழுவதும் இப்போது லீவில் நிற்கும்.

கடிதத்தை நான் உரத்து வாசிக்க, அப்பா மாட்டை அவிழ்த்துக்கொண்டு நின்றவர், வில்லை நிரம்பினால் வீட்டுக்கு அனுப்புவார்கள் என்ற இடம் மட்டும் அவர் காதில் ஏறியிருக்கிறது. எனக்குச் சொல்லாமல் சைக்கிளில் வற்றாப்பளை அம்மாள் கோயிலுக்குப் போய், வைகாசிப் பொங்கல் சனத்துக்குள் நின்று, பிள்ளையின் வில்லை கெதியாய் நிரம்ப வேண்டும், நிரம்பினால் முதுகில் கொக்கி குத்திச் செடில் காவடி எடுக்கிறேன் என்று நேர்ந்துவிட்டு வந்திருக்கிறார். அடுத்த வளவு மீனம்மா வந்து, அக்கா, தம்பி வாறானாமே, அண்ணை இந்த வயதிலை முதுகிலை செடில் குத்தப் போறாராம், முதுகு தாங்குமோ எண்டு கேட்டுப் பாத்தனீங்களோ என்று சிரித்தபோதுதான் எனக்கு விளங்கினது. அவரைக் கூப்பிட்டு இருத்தி, நிரம்பிறது வில்லை மட்டுமில்லை, உங்கட பிள்ளையின்ர உடம்பும்தான் என்றேன். அவர் சோற்றுக் கோப்பையை அப்படியே மூடி வைத்துவிட்டுப் போனார்.

விடிய மறுபடியும் சைக்கிள். நேர்ந்த நேத்தியைத் திருப்பித் தரச்சொல்லிப் பூசாரியைக் கேட்டிருக்கிறார். அம்மாளிட்டக் குடுத்ததைத் திருப்பி வேண்டேலாது அண்ணை, வேணுமெண்டால் அதுக்கு மேலாலை இன்னொண்டு வையுங்கோ என்று அவர் சொன்னாராம். அதனால் இப்போது வில்லை ஒருநாளும் நிரம்பக்கூடாது என்பதற்கும் ஒரு காவடி. ஒரே முதுகு, எதிரெதிரான இரண்டு காவடி. எங்கள் வீட்டைப் பற்றி அம்மாள் என்ன நினைக்கிறாவோ தெரியாது.

நீ கவனம் மகன். வேலையை நிற்பாட்டினால் படிக்காசு குறையும் என்று வில்லையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் காவலுக்குப் போகாதே. வீட்டு ஆசையில் அதைக் கொண்டுபோய் அந்த எரிந்த இரும்புக்குள் வைக்கவும் நினைக்காதே, அப்பாவின் பிள்ளை என்பதால் சொல்லுகிறேன். தூசு எழும்பினால் மூக்கை மூடு. சாப்பிட முதல் கை கழுவ வேண்டும் என்று அதிகாரிகள் கட்டளை போட்டிருக்கிறார்களாம், இதை நான் உனக்கு மூன்று வயதிலேயே போட்டேன், அப்போது நீ கேட்கவில்லை.

இங்கே மழை இல்லை. வவுனியாவுக்குப் போகப் பாஸ் கிடைத்தால் டெலிபோனில் உன்னோடு கதைக்கலாம் என்று இருக்கிறேன். உன் கடிதத்தை வாசிக்கும்போது முன்னெல்லாம் உன் குரல் கேட்கும், இப்போது என் குரல்தான் கேட்கிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

அம்மாள் உன்னை நோய் நொடி அண்டாமல் காப்பா. மாதமுடிவில் வில்லை என்ன சொன்னது என்று மறக்காமல் எழுது, குறைவாகச் சொன்னால் அப்பா சாப்பிடுவார். நீ வரக்கூடாது என்று கேட்டமாதிரித்தான் அம்மாளிடம் கேட்டு வைத்திருக்கிறோம். அது அவவுக்குச் சொன்னது. உனக்குச் சொல்லுவது வேறு: வா மகன்.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா ஞானேஸ்வரி