ஏழாம் நம்பர் கதவு

மாமா,

இன்று காலை உங்கள் பேத்தி காரை வாசல் தூணில் உரசிவிட்டாள். பொங்கலுக்காக நேற்றுதான் வெள்ளையடித்த தூண், ஈரம் முழுசாகக் காயவில்லை. இடது பக்கப் பின்கதவில் ஒரு முழத்துக்குக் கீறல், கீறல் மேலே சுண்ணாம்பு. ஓடிப்போய்க் குனிந்து பார்த்தேன். அந்த ஈரச் சுண்ணாம்பு வாசனை மூக்கில் ஏறியதும் திட்ட வந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. அவளோ அழுகிற முகத்தோடு சாவியை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். "இனிமே இதைத் தொடவே மாட்டேம்பா" என்கிறாள். எனக்கு உங்கள் ஞாபகம்.

சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ரிடையர் ஆனதும் இந்தச் சாம்பல் நிறக் காரை வாங்கினீர்கள். உங்களுக்கு ஓட்டத் தெரியாது. எஸ்.எஸ்.எல்.சி.யில் இரண்டு தடவை தோற்று, கன்டோன்மென்ட்டில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நட்டும் போல்ட்டும் பொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்த எனக்கு, அக்கா மகன் என்கிற ஒரே தகுதிக்காகப் பெண்ணைக் கொடுத்திருந்தீர்கள். பிறகு கார் சாவியையும் கொடுத்தீர்கள். எதைக் கொடுக்கும்போது உங்கள் கை அதிகமாக நடுங்கியது என்று உங்கள் மகள் இன்றைக்கும் என்னைக் கேட்கிறாள்.

பின் சீட்டில் இடது பக்கம் உட்காருவீர்கள். பிரேசர் டவுன் முழுக்க நான் மாட்டு வண்டியை முந்தினால்கூட உங்கள் வலது கால் தரையை அழுத்தும். அங்கே பிரேக் இல்லை என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். "இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்பீர்கள். காலடியில் விரித்திருந்த மிதியடியில் அந்த ஒரு இடம் மட்டும் தேய்ந்து பள்ளமாகிப் போனது.

அப்படிப்பட்டவரிடம் நான் போய், ஊருக்கு வெளியே பழைய விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் நடக்கிறது, அதில் வீட்டுக் கார்களுக்கென்று தனிப் போட்டி இருக்கிறது என்று எப்படிச் சொல்வேன்? சீட், கதவு, ஸ்டெப்னி எல்லாம் அப்படியே இருக்க வேண்டும், குடும்பத்தோடு கோயிலுக்குப் போகிற கார் எப்படியோ அப்படியே ஓட வேண்டும், அதுதான் விதி. விதியைக் கேட்டதும் எனக்குத் தோன்றியது, நம்மிடமும் ஒன்று இருக்கிறதே!

"சர்வீசுக்கு விடணும் மாமா" என்று சொல்லித்தான் முதல் பந்தயத்துக்குப் போனேன். உங்கள் குடை பின் சீட்டில் மறந்துபோய்க் கிடந்தது. ஒவ்வொரு வளைவிலும் அது இந்தக் கதவில் ஒரு அடி, அந்தக் கதவில் ஒரு அடி. நீங்களே உட்கார்ந்து தட்டுகிற மாதிரி இருந்தது எனக்கு. கடைசியாக வந்தேன். அடுத்ததில் கடைசிக்கு முந்தி. முன்னேற்றம் என்றுதான் சொல்ல வேண்டும். மூன்று வருஷத்தில் இந்த ஊரிலேயே அடிக்கடி சர்வீசுக்குப் போன கார் நம்முடையதுதான்.

பந்தயத்தில் நம்பரைச் சுண்ணாம்பில் எழுதுவோம், இரண்டு பக்கப் பின்கதவிலும். முடிந்ததும் அடுகோடிப் பேட்டையில் ஒரு சிநேகிதனின் ஒர்க்‌ஷாப்பில் கழுவிவிட்டு வீட்டுக்கு வருவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவசரத்தில் என் பக்கத்தை மட்டும் கழுவிவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் நீங்கள் வெள்ளை வேட்டி கட்டி, அல்சூரில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினீர்கள். கார் இடது பக்கம் சுவரை ஒட்டி நின்றதால் வலது பக்கமாக ஏறி நகர்ந்து உட்கார்ந்தீர்கள். வழியில் ஒரு பெட்டிக்கடைக்காரர், "ஏளு நம்பர் பந்த்து நோட்ரோ!" என்று கன்னடத்தில் கத்தினார். ஏழாம் நம்பர் வந்துவிட்டதாம். நான் வேகத்தைக் கூட்டினேன். மண்டப வாசலில் இறங்கும்போது உங்கள் வேட்டியெல்லாம் சுண்ணாம்பு. கதவைச் சாத்திவிட்டுப் பார்த்தீர்கள். ஒரு அடி உயரத்துக்கு ஏழு.

"இது என்ன, மாப்பிள்ளை?"

உங்களுக்குக் கோபம் வந்தால்தான் நான் மாப்பிள்ளை. சந்தோஷமாக இருந்தால் வெறும் டேய். மாப்பிள்ளை என்றதும் எனக்குப் புத்தி கலங்கிவிட்டது. அது ஜனத்தொகைக் கணக்கெடுத்த வருஷம், வீட்டுக்கு வீடு கதவில் நம்பர் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சென்சஸ்காரங்க போட்டிருப்பாங்க மாமா."

முப்பது வருஷம் சர்க்கார் ஃபைல் பார்த்தவரிடம் இதைச் சொன்னேன். நீங்கள் சிரிக்கவே இல்லை. "அப்படியா? கார்ல எத்தனை பேர் குடியிருக்கோம்னு எழுதிக்கிட்டாங்க?" என்றீர்கள். மண்டபத்தில் யாரிடமோ விசாரித்திருப்பீர்கள்; சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, இலையைப் பார்த்தபடியே, "அடுத்த சென்சஸ் எப்போ? நானும் வரேன். கார்ல ஒரு கீறல் விழுந்தாலும் சாவி என் கைக்கு வந்துடணும். அப்புறம் பந்தயம்கிற பேச்சே கிடையாது" என்றீர்கள். அந்தக் கல்யாணத்துப் பாயசம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது.

சொன்னபடி வந்தீர்கள். மடக்கு நாற்காலி, குடை, ஃபிளாஸ்க் சகிதம், ஓடுதளத்தின் ஓரத்தில் தடுப்புக்கு அடுக்கிய வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்தீர்கள். என்ன தெய்வச் செயலோ, அன்றைக்குப் பார்த்து நான் நன்றாக ஓட்டித் தொலைத்தேன். கடைசிச் சுற்றில் எனக்கு முன்னால் ஒரே ஒரு சிவப்புக் கார். உங்களுக்கு நேர் எதிரில் இருந்த வளைவில் அது வெளிப்பக்கமாக விலகிப் போய்விட்டது. அதற்கும் உள்மூலையில் வைத்த தார் டிரம்முக்கும் நடுவில் வழி கிடைத்தது. நம் கார் நுழையலாம். மயிரிழை இந்தப் பக்கம், மயிரிழை அந்தப் பக்கம். எனக்கு வழி தெரியவில்லை, கீறல்தான் தெரிந்தது. பிரேக்கை மிதித்தேன். பின்னால் வந்தவன் அதே வழியில் புகுந்து போனான். நான் மூன்றாவது.

ஆனாலும் எனக்குப் பெருமைதான். காரை உங்கள் முன்னால் நிறுத்தி, "ஒரு கீறல் இல்லை, பார்த்துக்குங்க" என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து குனிந்து ஒரு சுற்றுச் சுற்றி வந்தீர்கள். கையை நீட்டினீர்கள். சாவியைக் கொடுத்தேன்.

"மாப்பிள்ளை, அங்கே வழி இருந்துச்சே. ஏன் போகலை?"

"உரசிடும் மாமா. கீறல் விழும்."

"கீறலுக்குப் பெயிண்ட் விக்கிறான். நீ விட்டுட்டு வந்தியே, அந்த வழியை எந்தக் கடையில விக்கிறான்?"

சாவியை என் சட்டைப் பையில் போட்டீர்கள். "டேய், பசிக்குது. வீட்டுக்கு விடு" என்றீர்கள். அந்த டேயைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

அதற்கப்புறம் ஐந்து வருஷம் ஓட்டினேன். ஒவ்வொரு தடவையும் நம்பரை எழுதியது நீங்கள்தான், ஃபைல் மேல் எழுதுகிற அந்த அழகான கையெழுத்தில். மெட்ராஸ் பந்தயத்துக்குக்கூட ஸ்டெப்னி பக்கத்தில் புளிசாதத்தை வைத்துக்கொண்டு வந்தீர்கள். இரண்டு கோப்பைகள் ஜெயித்தேன். ஒன்றில் உங்கள் மகள் கடுகு போட்டு வைத்திருக்கிறாள். முதல் கோப்பை வந்த அன்று இடது கதவில் ஏழின் குறுக்கே நீளமாக ஒரு கீறல் விழுந்தது. பெயிண்ட் அடிக்க ஆள் வந்தபோது, "அது இருக்கட்டும்பா, அது நம்பர்ல சேர்ந்தது" என்று திருப்பி அனுப்பிவிட்டீர்கள். எனக்குக் கண்ணாடி வந்து, தொப்பையும் வந்து, பந்தயத்தை நிறுத்தினேன். போன வருஷம் நீங்களும் போய்விட்டீர்கள்.

இன்றைக்கு விழுந்த கீறல் அந்தப் பழைய கீறலுக்கு இரண்டு விரல் கீழே.

பேத்தியின் கையிலேயே சாவியை வைத்து மூடினேன். "கீறலுக்குப் பெயிண்ட் விக்கிறாம்மா. பின்னால எடு. அதே வழியில திரும்ப உள்ளே விடு" என்றேன். அவள் என்னை நம்பாமல் பார்த்தாள். நான் பின் சீட்டில் இடது பக்கம் ஏறிக்கொண்டேன். கார் தூணை நெருங்கியதும் என் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. மிதியடியில் நீங்கள் தேய்த்து வைத்த பள்ளத்தில் அது அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது, மாமா.